ஓரமா என் பேரு வரட்டுமா, அண்ணாச்சி?

விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கிறவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே கிடையாது. அதை வேலை என்று ஒப்புக்கொள்கிற ஆளுக்குத்தான் பஞ்சம்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தால், "சும்மா ஒரு வீடியோதான, எடுத்துக் குடேன்" என்பதைக் கேட்காமல் வீடு திரும்பியிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெருமூச்சு விட்டால் போதும், புரிந்துவிடும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். நான் விஸ்காம் சேரப் போகிறேன் என்றபோது அவர் எதிர்க்கவில்லை. எதிர்த்திருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருக்கலாம். அவர் செய்தது வேறு. மில் மேனேஜரிடம் பேசி, ஆபீசில் பில் போடுகிற சீட்டு ஒன்றை எனக்கென்று சொல்லி வைத்துவிட்டார். "படிச்சு முடிக்கதுக்குள்ள உன் லைன்ல ஒரு வேலை வாங்கிட்டேன்னா தாராளமா போ. இல்லேன்னா அந்தச் சீட்டுல வந்து உக்காந்துரு, ஏ.சி. ரூம்தான்" என்றார். நியாயமான ஒப்பந்தம் என்பதால் கோபப்படக்கூட வழியில்லாமல் போயிற்று.

கல்லூரியில் எங்கள் துறைத்தலைவர் சொன்ன யோசனையும் சுருக்கமானதுதான். "உன் பேர் போட்ட வேலை நாலு கையில இருக்கட்டும், எந்த ஊர்லயும் கூப்பிடுவான்." பேர் போட்ட வேலை. அதைத் தேடித்தான் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன்.

நடுவில் பால்கோவா

முதலில் போய் நின்றது ராஜபாளையத்தில் ஓர் உள்ளூர் கேபிள் டிவியில். செல்போன் கடைக்கு மாடியில் இரண்டு அறைகள். முதலாளியை எல்லோரும் எம்.டி. சார் என்றுதான் கூப்பிட்டார்கள். எல்லோரும் என்றால் டெக்னீஷியனும் நானும். கையில் மைக்கோடு தெருவில் நின்று செய்தி சொல்லப் போகிறேன் என்ற நினைப்போடு போயிருந்தேன். எம்.டி. சார் கேட்டது ஒரே கேள்வி: வாட்ஸ்அப்பில் வருகிற போட்டோவில் தலையை மட்டும் வெட்டி எடுக்கத் தெரியுமா? தெரியும் என்றேன். வேலை கிடைத்துவிட்டது.

பிறந்தநாள் கொண்டாடும் குழந்தையின் தலையை வெட்டி, பூ வளையத்துக்குள் ஒட்டி, கீழே வாழ்த்துகிறவர்களின் பெயர்களை ஓடவிட வேண்டும். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் ஒரு குடும்பமே பேசாமல் போய்விடும் என்பதால் அதில் மட்டும் கண்ணாக இருந்தேன். எதற்கு அடுத்து எது ஓடுகிறது என்று பார்க்கத் தோன்றவில்லை. ஒரு நாள் காலையில் ஒரு வயது பாப்பாவின் சிரித்த முகம் மறைந்ததும், அதே பூ வளையத்துக்குள் ஒரு பெரியவரின் முதலாமாண்டு நினைவஞ்சலி வந்து நின்றது. எங்களிடம் இருந்த பூ வளையம் அந்த ஒன்றுதான்.

பாப்பாவின் அம்மா போனில் போட்ட சத்தம் கீழே செல்போன் கடைவரைக்கும் கேட்டது. எம்.டி. சார் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "தப்புதாம்மா, தப்புதாம்மா" என்று சொல்லிப் போனை வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. மோட்டுவளையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த நிலையத்தின் ஒளிபரப்புக் கொள்கையை ஒரே வரியில் வகுத்துக் கொடுத்தார். "இனிமே நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவுல ஒரு பால்கோவா விளம்பரத்தப் போட்ரும்மா, சனங்க மனசு மாறிக்கிடும்."

டிவியில் என் பேர்

அங்கே இருந்த காலத்தில் என் பேர் ஒரு முறை டிவியில் வந்தது. என்னுடைய பிறந்தநாளுக்கு, எனக்குத் தெரியாமல், எம்.டி. சாரே என் போட்டோவின் தலையை வெட்டிப் பூ வளையத்தில் வைத்து ஓடவிட்டார். வெட்டியதில் ஒரு காது போய்விட்டது. "செல்வி கார்த்திகா" என்று பெரிய எழுத்தில் பேர். அதற்குப் பிறகு பால்கோவா. அதற்குப் பிறகு யாரோ ஒருவருடைய பதினாறாம் நாள் விசேஷம். மனுஷன் நல்ல மனசோடு செய்தது, அதனால் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் துறைத்தலைவர் சொன்ன நாலில் இதை ஒன்றாகச் சேர்க்க முடியாது.

மில் கேன்டீனிலும் அதே கேபிள்தான். சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். "உன் மக டிவியில வந்தாளேன்னு எல்லாரும் கேட்டாங்க. அப்படி என்ன செஞ்சான்னு மேனேஜர் கேட்டாரு. பொறந்தான்னு சொன்னேன்."

பால் எல்லாக் கடையிலும் கொதிக்கிறது

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்கு ரீல்ஸ் வேண்டும் என்று கேபிள் டிவி மூலமாகவே ஒரு தகவல் வந்தது. இது நம் வேலை என்று துள்ளிக்கொண்டு போனேன். பின்கட்டில் விறகடுப்பு, அகலமான இரும்புச் சட்டி, வியர்வை வழிய அண்ணன் ஒருவர் நிறுத்தாமல் கிண்டிக்கொண்டிருந்தார். பொங்கி எழுகிற பால், ஆவிக்குள் வந்து விழுகிற வெயில், சட்டியின் விளிம்பில் திரண்டு நிற்கிற ஏடு என்று எல்லாவற்றையும் ஸ்லோமோஷனில் எடுத்தேன். கல்லூரியில் சொல்லிக்கொடுத்த கோணங்களில் ஒன்றுகூட மிச்சமில்லை. என் தலைமுடி ஒரு வாரம் பால்கோவா வாசனை அடித்தது.

எடிட் செய்து கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசிவரை பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. பால் எல்லாக் கடையிலயும்தாம்மா கொதிக்குது, என் மூஞ்சி எங்க?" என்றார். சட்டியும் ஆவியும் போய், அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து கும்பிடுவதும், கடைப் பேரும், போன் நம்பரும் வந்தன. வீடியோவில் முக்கால்வாசி இப்போது கும்பிடுதான். போனது போகட்டும் என்று, கிளம்பும்போது மெதுவாகக் கேட்டேன். "கடைசியில ஓரமா என் பேரு வரட்டுமா, அண்ணாச்சி? சின்ன எழுத்துலதான்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை நிஜமான குழப்பத்தோடு பார்த்தார். "எதுக்கும்மா? நீ வேற எங்கயும் கடை வச்சிருக்கியா?"

என்னைக் கண்டால் அவனுக்கு ஆகாது

எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு மனுஷர்கள் ஞாபகம் வருவதில்லை, நாய்தான் ஞாபகம் வரும். பால் வெள்ளையாக, சிவந்த மூக்கோடு, வீட்டாளைத் தவிர ஒருவரையும் சேர்க்காத சாதி. அதை வளர்த்து விற்கிற ஒருவர் யூட்யூபில் போட வீடியோ கேட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், நாயோடும் தெலுங்குதான். நான் தமிழில் "வாடா கண்ணா" என்று கொஞ்சியதை அந்த நாய் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

வெயில் சாய்கிற நேரமாகப் பார்த்து, அவன் ஓடுவது, நிற்பது, திரும்புவது என்று அழகழகாக எடுத்துக்கொண்டிருந்தேன். உரிமையாளர் குறுக்கே வந்தார். வாங்குகிறவனுக்கு அழகு வேண்டாம், அந்நிய ஆளைக் கண்டால் சீறுகிறானா என்பதுதான் வேண்டும், கேமராவைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டு நான் கேட்டுக்கு வெளியே போய் நின்று உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும் என்றார். போய் நின்றேன். அவன் குலைத்த குலைப்பில் கேட்டு ஆடியது. நான் பயந்து பின்னால் போனது நடிப்பு இல்லை. அதுவே வீடியோவில் முக்கியமான காட்சி ஆயிற்று.

மறுவாரம் அவரே போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம். "கோயம்புத்தூர்ல இருந்துலாம் கேட்டுட்டாங்கம்மா! அடுத்த வீடியோவுக்கும் நீதான் வரணும். உன்னயக் கண்டாத்தான் அவனுக்கு அம்புட்டு ஆத்திரம் வருது."

கோபுரம் இல்லாமல் கல்யாணமா

இரண்டாம் வருஷக் கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாண ஸ்டுடியோவில் சேர்ந்தேன். முதலாளி மாரியப்பன் அண்ணன், கைதேர்ந்த கேமராமேன். மண்டபக் கூட்டத்தில் யார் மாப்பிள்ளையின் அத்தை, யார் வெறும் பக்கத்து வீடு என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவார். எனக்கு எடிட்டிங். "முழுசாக் கத்துக்குடுத்தா மெட்ராஸுக்குப் போயிருவ, அதனால மெதுவாத்தான் கத்துக்குடுப்பேன்" என்று முதல் நாளே நேர்மையாகச் சொல்லிவிட்டார்.

அந்த ஸ்டுடியோவில் ஒரு வழக்கம். யார் வீட்டுக் கல்யாணம் ஆனாலும் வீடியோ ஆண்டாள் கோயில் கோபுரத்தில்தான் தொடங்கும். விடியற்காலைக் கோபுரம், பின்னால் நாதஸ்வரம், கோபுரத்தைச் சுற்றிப் புறா பறக்கும், பிறகுதான் பெண் மாப்பிள்ளை பேர். அண்ணன் எப்போதோ எடுத்த நல்ல ஷாட் அது. கம்ப்யூட்டரில் புதுக் கல்யாணம் என்று திறந்தாலே அது தானாக முதலில் வந்து உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் கண்ணுக்கு அது தெரியாமலே போய்விட்டது. மாதா கோயிலில் நடந்த ஒரு கல்யாணத்துக்கும் அது அப்படியே போனது. வீட்டுக் கூடத்தில் சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து டிவியில் போட்டுப் பார்க்க, கோபுரம், நாதஸ்வரம், புறா, அதைத் தொடர்ந்து வெள்ளை கவுனில் பெண்.

அண்ணனும் நானும் அந்தக் கூடத்தில்தான் இருந்தோம். அண்ணனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. எனக்கு வாசலில் கழற்றிவிட்ட செருப்பின் மேல்தான் நினைப்பு. பெண்ணின் அப்பா, ரிட்டயர்டு வாத்தியார், ரிமோட்டால் படத்தை நிறுத்தினார். கூடமே அவரைப் பார்த்தது. "நம்ம ஊரு கோபுரம்தான, அது இருந்துட்டுப் போகட்டும்" என்றார். மறுபடி ஓடவிடப் போனவர் ஏதோ நினைவு வந்து எங்கள் பக்கம் திரும்பினார். "ஆனா அதுக்குப் பொறவு நம்ம கோயில் மணிக்கூண்டையும் கொஞ்சம் போட்ருங்க தம்பி, புறாவோட. ஃபாதர் பாத்தா கேப்பாரு."

சேர் வந்துவிட்டது

கடைசி வருஷம் பாதிக்குமேல் ஓடிவிட்டது. கையில் இருந்தது இவ்வளவு: ஒரு காது இல்லாத என் பிறந்தநாள், அண்ணாச்சியின் கும்பிடு, என்னைக் கண்டு குலைக்கிற நாய், மாரியப்பன் அண்ணன் பேரும் நம்பரும் போட்ட கல்யாணங்கள். கூடப் படித்தவர்களில் சிலர் பேங்க் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்கியிருந்தார்கள். எனக்குப் பயமாக இருந்தது. பில் போடுவது கேவலமான வேலை என்பதால் இல்லை. அந்தச் சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டேன் என்று என்னைப் பற்றி எனக்கே தெரியும் என்பதால்.

அப்பா ஒருநாளும் நெருக்கவில்லை. நல்ல சேதி சொல்கிற முகத்தோடு ஒரு நாள் வந்து சொன்னார். "பாப்பா, ஒனக்குச் சொல்லிவச்ச சீட்டுக்குப் புது சேர் வாங்கிப் போட்டிருக்காங்க. சுத்துது."

நீர்மாலை

செட்டியார்பட்டியில் ஒரு பெரியவர் இறந்துபோனார். லாரி டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகன் வெளிநாட்டில். அன்றைக்குக் கிளம்பினாலும் வந்து சேர முடியாத தூரம். இப்போதெல்லாம் இந்த மாதிரி வீடுகளிலிருந்தும் நேரலை கேட்டு ஸ்டுடியோவுக்குப் போன் வரும். மாரியப்பன் அண்ணன் வேறொரு கல்யாணத்தில் இருந்தார். அதனால் நான் போனேன். ஆட்டம் இல்லாமல் இருக்கக் கைப்பிடி மாட்டிய ஒரு போன், ஒரு மீட்டிங் லிங்க். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் அதில் வந்து சேர, அவர்கள் முகம் திரையின் அடியில் சின்னச் சின்னக் கட்டமாகத் தெரியும். மகனின் கட்டம் இடது மூலையில் இருந்தது.

எங்கள் பக்கத்தில் உடலைத் தூக்குமுன் நீர்மாலை எடுக்க வேண்டும். மகனும் பங்காளிகளும் தண்ணீர் இருக்கிற இடத்துக்குப் போய், தலையில் தண்ணீர் விட்டுக் குளித்து, ஈர வேட்டியோடு குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். நாலு பேர் நாலு முனையைப் பிடித்துக்கொள்ள, ஒரு வேட்டியை அவர்கள் தலைக்கு மேலே பந்தல் மாதிரி விரித்தபடி, சங்கும் கொட்டும் முன்னால் போக, வீடு வரைக்கும் நடை. அந்தத் தண்ணீரில்தான் கடைசிக் குளிப்பாட்டு. அந்தக் காலத்தில் கிணறு. அன்றைக்குத் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி. மகன் இடத்தில் யார் நிற்பது என்று பேச்சு வந்தபோது, இறந்தவரின் தம்பி என் கையில் இருந்த போனைப் பார்த்தார். "மகன் இருக்கும்போது வேற ஆளு எதுக்கு? அவனும் வேட்டிக்குள்ள வரட்டும்" என்றார். யார் பிடிப்பது என்று பார்த்தார்கள். பங்காளிப் பையன்கள் எல்லாருக்கும் கையில் குடம். "நீயே பிடிம்மா" என்றார் அவர். பொதுவாகப் பெண்கள் நிற்கிற இடம் இல்லை அது. பங்காளிகள் ஒதுங்கி இடம் விட்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் நின்றேன்.

தொட்டிக் குழாயடியில் அவர்கள் தலையில் தண்ணீர் விட்டுக்கொண்டபோது எதேச்சையாகத் திரையின் மூலையைப் பார்த்தேன். அந்த மகன் தன் ரூமில் போனை எங்கேயோ சாத்தி வைத்துவிட்டு, போட்டிருந்த சட்டையோடு, ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டார். பிறகு ஈரத்தோடு வந்து போன் முன்னால் நின்றார், நடக்கத் தயார் என்பது போல. அந்தத் தெருவில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேமரா பிடிக்கிறவர் அழக்கூடாது என்று எங்கள் பாடத்தில் எங்கும் இல்லை, ஆனால் அழுதால் கை ஆடும். அதனால் அப்புறம் அழுதுகொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வேட்டிக்கு அடியில் ஈர வாசனை, காதுக்குப் பக்கத்தில் சங்கு. பாதித் தெருவில் திரை நின்று நின்று வந்தது. "சித்தப்பா, ஒண்ணும் தெரிய மாட்டேங்குது" என்று போனிலிருந்து குரல். சித்தப்பா முன்னால் போகிற கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "ஏலே, மெதுவா நடங்கலே! மகனுக்கு நெட்டு சுத்துது."

கொட்டு மெதுவானது. ஊர்வலமே அந்த வேகத்துக்கு வந்தது.

அனுமதி கேட்ட போன்

பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் மதுரையிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. நான் அப்ளை பண்ணியிருந்த, விழாக்களையும் விளையாட்டுப் போட்டிகளையும் நேரலை செய்கிற கம்பெனி. செய்ததில் எது சிறந்த வேலையோ அதைக் கொண்டுவரச் சொன்னார்கள். எது என்று எனக்குத் தெரியும். ஆனால் அது என்னுடையதா என்பதில் சந்தேகம் இருந்தது. ஒருவர் வீட்டுச் சாவை எடுத்துக்கொண்டு வேலை கேட்கப் போவது எனக்கே என்னவோ போல் இருந்தது. இரண்டு நாள் தயங்கிவிட்டு, அந்த மகனின் நம்பரை மாரியப்பன் அண்ணனிடம் வாங்கிப் பேசினேன். ஸ்டுடியோவிலிருந்து பேசுகிறேன், நீர்மாலை அன்றைக்குப் போன் பிடித்தது நான்தான், அந்தப் பதிவை ஒரு வேலை விஷயமாக இரண்டு பேருக்கு மட்டும் காட்டலாமா, உங்கள் அப்பா முகம் வருகிற இடத்தைக் காட்ட மாட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். கட் பண்ணிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் அவர் பேசினார். "காட்டுங்கம்மா, அதுல என்ன இருக்கு. ஆனா ஸ்டுடியோவுல இருந்தா வந்தீங்க? நான் இம்புட்டு நாளும் எங்க சித்தப்பா வீட்டுப் பிள்ள யாரோதான் பிடிச்சிருக்குன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்."

மதுரையில் ஒரு லேப்டாப்

காலை பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் தாண்டும்வரை காலேஜ் பஸ்கள் கூடவே வந்தன. அதற்குப் பிறகு நானும் என் பையில் இருந்த பென் டிரைவும் மட்டும்தான். கம்பெனியில் ஒரு மேடமும் ஒரு சாரும் லேப்டாப்பில் பார்த்தார்கள். கல்யாணங்களை வேகமாக ஓட்டினார்கள். கும்பிடைப் பார்த்து சார் கொட்டாவி விட்டார். நாய் வீடியோவில் மேடம் நிறுத்தி, "கேமரா நீங்கதான?" என்று கேட்டார். "இல்ல மேடம், கேட்டுக்கு வெளிய நிக்கிறது நான்" என்றேன். சிரிக்காமல் அடுத்ததைப் போட்டார்.

நீர்மாலையை அவர் ஓட்டவில்லை. குழாயடி வந்ததும் மூலையில் இருந்த கட்டத்தில் விரலை வைத்து, "இவரு என்ன செய்றாரு?" என்றார். குளிக்கிறார் என்றேன், யார், எங்கிருந்து, ஏன் என்று சொன்னேன். சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பாதித் தெரு வந்தது. சித்தப்பாவின் குரல் வந்தது. கொட்டு மெதுவானது. மேடம் லேப்டாப்பை மூடினார்.

"நெட்டு போச்சுன்னா எங்க ஆளுங்க நெட்டுக்காரனைத் திட்டுவாங்க. ஊர்வலத்தையே மெதுவா நடக்க வச்சத இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பொய்யான பேரில் வேலை வாங்கக்கூடாது என்று, "அது நான் இல்ல மேடம், அவரோட சித்தப்பா" என்றேன். மேடம் பேனாவைத் தேடிக்கொண்டே சொன்னார். "பரவாயில்ல, அவரு அப்ளை பண்ணல. நீங்க பண்ணியிருக்கீங்க. பரீட்சை எப்ப முடியுது?"

ஆயுத பூஜைக்கு

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா முதலில் தங்குவதற்கு இடம் எப்படி என்று கேட்டார். பிறகு அந்த வீடியோவைக் காட்டச் சொன்னார். அந்த மகன் கொடுத்த அனுமதிப் பட்டியலில் அப்பா கிடையாது, அதனால் வாயால் சொன்னேன். நெட்டு சுத்துகிற இடம் வந்ததும், "மெதுவாத்தான் நடக்கணும், ஆமா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். மறுநாள் மில்லுக்குப் போய் அந்தச் சீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தார். சுற்றுகிற சேரைக் கடைசிவரை நான் பார்க்கவே இல்லை.

திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தார். "மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம். ஆயுத பூஜைக்கு மட்டும் செத்த வந்து ஒரு வீடியோ எடுத்துக் குடுத்துட்டுப் போவியாம். வேலைன்னுலாம் இல்ல பாப்பா, சும்மாதான்."

ஆக, ஓரமாகவாவது என் பேர் வரட்டும் என்று ஊர் ஊராக அலைந்த எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது, நான் வேலைக்கு வந்தவள் என்றே அந்த மகனுக்குத் தோன்றாமல் போன அந்த அரைத்தெரு நடைதான்.